பாரலில் வரும் பயோ டீசல்: கருங்குழி வட்டார வண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கருங்குழி, படாளம், மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் ஜேசிபி, ஹிட்டாச்சி, டிப்பர், நெல் அறுக்கும் வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், அவற்றை ஓட்டும் ஆபரேட்டர் தம்பிகளுக்கும்,

போன சொர்ணவாரி அறுவடையில் ஒரு மாலை, என்னிடம் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்த மாணவர் ஒருவர் போன் செய்தார். அறுவடை வண்டி வயல் நடுவில் நின்றுவிட்டது, மேகம் வேறு கூடுகிறது, முதிர்ந்த கதிர் தலைசாய்ந்து நிற்கிறது என்று பதறினார். போய்ப் பார்த்தோம். டீசல் ஃபில்டரைக் கழற்றியதும் உள்ளே வேப்பம் பிசின் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. விசாரித்தால், ஒரு வாரமாக டேங்கில் ஊற்றியது நீல பாரலில் வந்த ‘பயோ டீசல்’. பங்க் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. பில் இல்லை, பரிசோதனைச் சான்று இல்லை. “தாவர எண்ணெயில செஞ்சது, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது” என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தது. இன்ஜெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பி கேட்டார்: “அப்போ இந்தத் தாவர எண்ணெய் டீசலே பொய்தானா சார்?”

அவருக்கு அன்று வயலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொன்னேன். அதே பாரல் இப்போது உங்களில் பலருடைய சைட்டுக்கும் வந்துகொண்டிருப்பதால், விரிவாக எல்லோருக்குமே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பொய் இல்லை. தாவர எண்ணெயில் கனரக இன்ஜின் ஓடும். நம் வட்டாரத்தில் ஓட வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் எண்ணெய் வேறு, எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலையும் ஒரு பரிசோதனைக் கூடமும் இருக்கின்றன. அந்த இரண்டையும் தாண்டி வராத எதையும் உங்கள் டேங்கில் ஊற்றாதீர்கள். தாண்டி வந்ததை நம் ஊருக்கு வரவழைக்க ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள். இந்த மடலின் சாரம் இவ்வளவுதான். காரணங்களைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனி ஒரு சிறிய டீசல் இன்ஜினை ஓட்டிக் காட்டியது. அதில் ஊற்றியிருந்தது வேர்க்கடலை எண்ணெய். இன்ஜின் அவ்வளவு சீராக ஓடியதால், வேடிக்கை பார்த்தவர்களில் பலருக்கு எண்ணெய் மாறியிருப்பதே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசல் பின்னாளில் எழுதினார். தங்கள் ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையிலேயே அங்குள்ள இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்று பார்க்க நினைத்தது பிரெஞ்சு அரசு. அதே காலத்தில் நம் பக்கத்துப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்தும் தென்னாற்காட்டு வேர்க்கடலை மார்சேய்க்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. ஆக, நீங்கள் ஓட்டும் இன்ஜினுக்குத் தாவர எண்ணெய் நேற்று வந்த விருந்தாளி கிடையாது. பிறந்த சில ஆண்டுகளிலேயே அதைக் குடித்துப் பார்த்த இன்ஜின்தான் இது.

பிறகு ஏன் இப்போது ஊற்றக் கூடாது? முதல் காரணம் கெட்டித்தன்மை. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர விதி. கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஏறத்தாழ அதைப்போல் பத்து மடங்கு கெட்டி. பழைய இன்ஜின்களில் பம்ப்பும் நாசிலும் முரட்டு ஆட்கள், சமாளித்துக்கொள்ளும். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், கண்ணுக்கே தெரியாத துளைகள் வழியாகப் பனிபோலத் தூவப்பட வேண்டும். கெட்டி எண்ணெய் தூவலாக உடையாமல் துளியாக விழும். துளி முழுதாக எரியாது. எரியாதது நாசில் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங்கைப் பிடித்து இறுக்கும், கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்கும். முதல் சில நாள் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஏமாறுவது அங்கேதான்.

நேரடியாக எண்ணெயில் ஓட்டி வென்றவர்களே இல்லையா என்றால், உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கர்நாடகத்தின் கக்கனஹள்ளி கிராமத்தில் புங்கம் எண்ணெயிலேயே ஜெனரேட்டரை ஓட்டித் தண்ணீர் இறைத்துக் காட்டினார். அது ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், பொறியாளர்களின் பார்வையில் ஓடிய ஜெனரேட்டர். ஏரிக்குள் இறங்கி, திடீரெனப் பாரம் ஏறி, உடனே ஐடிலுக்கு வரும் உங்கள் பக்கெட் வண்டியை அதோடு ஒப்பிட முடியாது.

எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறைக்கத்தான் பயோ டீசல் செய்கிறார்கள். எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும் ஒரு பெரிய அமைப்பு. மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் கழன்று அடியில் தங்கும். மேலே மிதப்பது பயோ டீசல். 100 கிலோ எண்ணெய்க்குப் பத்துப் பதினோரு கிலோ மெத்தனால் போட்டால், கிட்டத்தட்ட 100 கிலோ பயோ டீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் கிடைக்கும். பிறகு கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், சோதிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருப்பதால் “நாமே ஷெட்டில் செய்துகொள்ளலாமே” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வீடியோ பார்த்திருக்கிறார்.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அது வேண்டாம். மெத்தனால் என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதம் சித்தாமூர் பக்கத்திலும் மரக்காணத்திலும் சாராயம் என்ற பெயரில் அதைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். மெத்தனாலை மூச்சில் இழுத்தாலும் கெடுதல், தோலில் பட்டாலும் கெடுதல். பற்றிக்கொண்டால் அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்த டிரம்மை நம் தெருவுக்குள், குழந்தைகள் ஓடியாடும் இடத்துக்குள் கொண்டுவராதீர்கள். உரிமம் உள்ள ஆலையில், பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருள் அது.

ஒழுங்காகச் செய்த பயோ டீசல் நல்ல எரிபொருள். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதப் பயோ டீசல் கலந்து ஓட்டிப் பார்த்தது நம் ரயில்வே. இன்று பங்க்கில் விற்கும் சாதாரண டீசலிலேயே 7 சதம் வரை பயோ டீசல் கலந்திருக்க இந்தியத் தர விதி ஐஎஸ் 1460 இடம் தருகிறது. அதை மீறி 20 சதம் வரை சில இன்ஜின் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்பது அதன் கையேட்டில் எரிபொருள் பக்கத்தில் அச்சடித்திருக்கும். டீலரின் வாய்மொழி வாரன்டி பேச்சோடு நின்றுவிடும்.

அதன் குணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பயோ டீசல் அழுக்கைக் கரைக்கும். பல வருடம் டேங்கின் அடியில் படிந்த கசடை முதல் சில வாரங்களில் பெயர்த்தெடுத்து ஃபில்டருக்கு அனுப்பும். அதனால் மாறும்போது கூடுதல் ஃபில்டர் கையில் இருக்க வேண்டும். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸும் சீலும் ஊறி இளகும். டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வேலையின்றி மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அதை விட்டுவைத்தால் புளித்து, பூசணம் பிடித்து, பிசினாகும். பயோ டீசலுக்கான ஐஎஸ் 15607 விதியில் ஆக்சிஜன் தாங்கும் சோதனை எட்டு மணி நேரம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். அந்த அறுவடை வண்டியின் ஃபில்டரில் நாங்கள் பார்த்தது, இந்தச் சோதனை எதையும் பார்த்திராத சரக்கு.

புது வண்டிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டிப்பர்களிலும், 2021 ஏப்ரலில் இருந்து படிப்படியாகக் கடுமையான விதிக்குள் வந்த கட்டுமான வண்டிகளிலும் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். ஆட் ப்ளூ ஊற்றுகிறீர்களே, அது அந்தக் குடும்பம்தான். சரியாகக் கழுவாத பயோ டீசலில் தங்கும் சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவை இந்தக் கருவிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, கடைசியில் புகைக்குழாய்க் கருவிக்கு லட்சக் கணக்கில் கொடுக்க வேண்டிவரும்.

மிச்சக் கணக்கையும் சரியாகப் போடுவோம். ஒரு லிட்டர் பயோ டீசலில் ஒரு லிட்டர் டீசலைவிட ஏறத்தாழ 8 சதம் சக்தி குறைவு. டீசல் 92 ரூபாய் என்றால், முழுப் பயோ டீசல் 85 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் உங்களுக்குச் சமன். அதற்கு மேல் குறைவதுதான் லாபம். 20 சதம் கலந்தால் வேலையில் வித்தியாசம் தெரியாது.

இவ்வளவு தொந்தரவு இல்லாத ஒரு வகையும் உலகத்தில் இருக்கிறது. அதைத்தான் புதுப்பிக்கத்தக்க டீசல் என்கிறார்கள். எச்விஓ என்ற பெயரிலும் விற்கிறது. அதே தாவர எண்ணெய், அல்லது பழைய சமையல் எண்ணெய், அல்லது விலங்குக் கொழுப்பு. மெத்தனாலுக்குப் பதிலாக ஹைட்ரஜன். 300 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், கடும் அழுத்தத்தில், எண்ணெயிலுள்ள ஆக்சிஜனை முழுதாக அகற்றிவிடுவார்கள். கிடைப்பது கிட்டத்தட்டப் பெட்ரோலிய டீசல் குடும்பத்துச் சரக்கு. கந்தகம் இல்லை. எளிதில் பற்றும் தன்மையைச் சொல்லும் சீட்டேன் எண் 70க்கு மேல் போவதால் காலையில் ஒரே உதையில் எழும். தண்ணீரை இழுக்காது, மாதக்கணக்கில் நின்றாலும் பிசினாகாது. இதற்கென ஐரோப்பாவில் ஈஎன் 15940 என்று தனித் தர விதியே உண்டு. அந்த விதிப்படி வந்த டீசலைப் பல பெரிய இயந்திர நிறுவனங்கள் கலப்பின்றி முழுதாகவே ஊற்ற அனுமதித்திருக்கின்றன. அடர்த்தி சற்றுக் குறைவு என்பதால் லிட்டருக்கு நாலைந்து சதம் சக்தி குறையும், அவ்வளவுதான்.

நெஸ்டே என்ற பின்லாந்து நிறுவனம் 2007இல் போர்வோ நகரில் இதற்கு முதல் ஆலை போட்டது. 2010இல் சிங்கப்பூரின் துவாஸிலும் ஒன்று. 2023இல் அதை விரிவாக்கி, ஆண்டுக்கு 26 லட்சம் டன் செய்யும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். துவாஸ் என்ற பேர் நம் பல வீடுகளுக்குத் தெரியும். அங்கே கட்டுமான வேலைக்குப் போன அண்ணனோ மச்சானோ இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. நம்மவர்கள் உழைக்கும் அதே மூலையில்தான் நாம் கேள்விப்படாத இந்த டீசல் மலைமலையாகத் தயாராகிறது. நம் பங்க்குகளில் அது கிடைப்பதில்லை. ஆகவே பாரலோடு வரும் ஆள் ‘எச்விஓ’ என்று சொன்னால், முதலில் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, எண்ணெய் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. இதில்தான் நாம் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டிருக்கிறோம். 2003இல் மத்தியத் திட்டக் குழு காட்டாமணக்கை நாடு முழுக்கப் பயிரிடலாம் என்றது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், டீசல் கொட்டும் என்று தமிழ்நாட்டிலும் விவசாயிகளிடம் சொன்னார்கள். சாராய ஆலைக் குழுமம் ஒன்று பிரிட்டிஷ் நிறுவனத்தோடு கைகோத்து ஒப்பந்தச் சாகுபடிக்கே வந்தது. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் பிறகு ஆய்வு செய்தவர்கள் கண்டது: விளைச்சல் சொன்னதில் பாதிகூட வரவில்லை, தண்ணீர் பாய்ச்சினால்தான் ஓரளவு காய்த்தது. நட்டவர்களில் பலர் கைவிட்டார்கள், பிடுங்கினார்கள். 2009இல் அரசு அறிவித்த கொள்கை 2017க்குள் 20 சதக் கலப்பு என்றது. 2018இல் வந்த அடுத்த கொள்கை 2030க்குள் 5 சதம் என்று இறங்கியது. மண்ணும் தண்ணீரும் ஒத்துழைக்காத இடத்தில் அறிவிப்பு மட்டும் எண்ணெய் கறக்காது.

நல்ல சமையல் எண்ணெயை இன்ஜினுக்கு ஊற்றுவது பற்றி நான் பேசவே மாட்டேன். நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி. வேர்க்கடலை எண்ணெய் விலை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தட்டில் இருப்பதை எடுத்து டேங்கில் ஊற்றுவது நம் ஜனங்களுக்குச் செய்யும் துரோகம்.

மிஞ்சுவது பழைய எண்ணெய். அது நம் வாசலிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து ஆத்தூர் சுங்கச்சாவடி வரை ராத்திரி பகலாகப் பஸ் நிற்கும் ஓட்டல்களை எண்ணிப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டி மீன் வறுவல் கடைகள், விடுதிகள், கல்யாண மண்டபங்கள். இந்தக் கடாய்களின் எண்ணெய் கடைசியில் எங்கே போகிறது? கொஞ்சம் சாக்கடைக்கு. கொஞ்சம், இதுதான் கொடுமை, மலிவு விலையில் சின்னக் கடைகளுக்குக் கைமாறி, மறுபடி பஜ்ஜியாகி, வேலைக்குப் போகும் நம் ஆட்களின் வயிற்றுக்கு.

இதைத் தடுக்கத்தான் 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம், கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று ‘ரூகோ’ என்ற பெயரில் பழைய எண்ணெயைப் பயோ டீசலுக்குத் திருப்பும் திட்டத்தைத் தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும், அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச்சிலிருந்து விதி. 2019 ஆகஸ்டில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் இப்படிச் செய்த பயோ டீசலை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தன.

உங்கள் பக்கமிருந்து கணக்குப் பாருங்கள். ஒரு ஜேசிபி மணிக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறது, எட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் நாளொன்றுக்கு 40 லிட்டர். 20 சதம் கலக்கத் தேவை 8 லிட்டர். சாலையோரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றிரண்டின் கழிவு எண்ணெய் ஒரு வண்டியின் பங்கைத் தரக்கூடும். நம் வட்டாரத்து வண்டிகள் அனைத்துக்கும் போதாது, அதையும் மறைக்கவில்லை. போட்டியும் வருகிறது: இந்தியன் ஆயிலின் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலை பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்ய 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்று பெற்றுவிட்டது. விமானக்காரன் நல்ல விலை கொடுப்பான். நாம் தூங்கினால் நம் சாலையின் எண்ணெய் வானத்தில் பறக்கும், மண் வெட்டுகிறவன் பாரல்காரனிடமே நிற்பான்.

ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. உங்கள் ஒரு வண்டியின் ஒரு நாள் வேலைக்கு நூறு கிலோவுக்கு மேல். அது பூமிக்கணக்கு. எனக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் கவலை, புகைக்குழாய் ஓரத்தில் நிற்கும் ஆள். மதுராந்தகம் ஏரியை 120 கோடி ரூபாய் திட்டத்தில் தூர்வாரியபோது, வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே கைகாட்டிக்கொண்டு நின்ற ஹெல்பர் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். கல்குவாரியில் கண்ணாடி மூடாத கேபினில் நாள் முழுக்க உட்காரும் ஆபரேட்டரைப் பார்த்திருப்பீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய ரக இன்ஜின்களில் 20 சதப் பயோ டீசல் கலந்தால் கரித்துகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கும், முழுதாக ஊற்றினால் ஏறத்தாழப் பாதியும் குறைவதாக அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு சற்றே கூடும், அதுவும் உண்மை. என் மாணவர்களில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரித்துகளில் பத்தில் ஒன்று குறைந்தாலும் எனக்கு அது பெரிது.

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது சில. பயோ டீசல் விற்க 2019 ஏப்ரலில் மத்திய அரசு தனி வழிகாட்டு விதிகள் போட்டிருக்கிறது. மாநில அரசிடம் பதிவு செய்தவர்தான் விற்கலாம், அதுவும் டீசலோடு கலப்பதற்கான முழுப் பயோ டீசலாக. பதிவு எண், பில், அந்தக் குறிப்பிட்ட சரக்கின் ஐஎஸ் 15607 பரிசோதனை அறிக்கை, மூன்றும் இல்லாவிட்டால் பாரலை இறக்கவே விடாதீர்கள். வாங்கினால், ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மாதிரி எடுத்து, தேதி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் பேசுவதற்கு உங்களிடம் அது ஒன்றுதான் சாட்சி. மழை மாதங்களில் வண்டியை நிறுத்துவதற்கு முன் டேங்கைச் சாதாரண டீசலுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் தினமும் காலையில் திறந்து வடியுங்கள்.

தனியாளாகக் கேட்டால் எதுவும் வராது. நீங்கள் வாடகை நிர்ணயிக்க ஒன்றாக உட்காருகிறீர்களே, அதே சங்கத்தின் பெயரில் செங்கல்பட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதி, நம் சாலையில் எந்தெந்த ஓட்டல் யாரிடம் எண்ணெய் கொடுக்கிறது என்று கேளுங்கள். எண்ணெய் நிறுவனங்களிடம், சோதனை செய்த 20 சதக் கலப்பை ஜிஎஸ்டி சாலையின் ஒரு பங்க்கிலாவது தரச் சொல்லுங்கள். உலகில் பல சுத்திகரிப்பு ஆலைகள் கச்சா எண்ணெயோடு சிறு பங்கு தாவர எண்ணெயைச் சேர்த்தே டீசல் எடுக்கின்றன. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையில் அது ஏன் கூடாது என்று கேளுங்கள். ஏரி வேலை, சாலை வேலை டெண்டர்களில் இத்தகைய எரிபொருளுக்கு உரிய விலையைச் சேர்க்கச் சொல்லி நீர்வளத் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனுக் கொடுங்கள். சிரிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று நம் பக்கத்து வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் திரண்டு போய், 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து எழுத்திலேயே பாதுகாப்பு வாங்கியவர்கள். அவர்களிடம் இருந்ததைவிட உங்களிடம் பலம் அதிகம். உங்கள் வண்டி இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஒரு கால்வாய்கூட வெட்ட முடியாது.

அடுத்த முறை சங்கம் கூடும்போது எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வண்டிக் கையேட்டின் எரிபொருள் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த வண்டி 7 சதத்தோடு நிற்க வேண்டும், எது 20 தாங்கும் என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிவிடலாம். மனுவில் அதைத்தான் முதல் பக்கமாக வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக் பயிற்றுநர்,
கருங்குழி